நீக்கப்பட்ட பதினேழாவது கேள்வி

போன மாதம் எம்.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் ப்ராஜெக்ட்டுக்கான வினாப்பட்டியலைத் திருத்தித் தரச் சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான்கு பக்கம், 28 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், 1 என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, 5 என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். முதல் வாக்கியத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, அது நான் எழுதியது. என் ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இருக்கிறது, அதன் பின்னிணைப்பிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் எனக்கு முன்னால் முடித்தவர்களின் பின்னிணைப்புகளைப் பார்த்துத்தான் என் பட்டியலைத் தயார் செய்தேன், இந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். சிவப்புப் பேனாவோடு ஒவ்வொன்றாக வந்து 16-ஐத் தாண்டியபோது கை நின்றுவிட்டது. என் முதல் பட்டியலில் 29 வாக்கியங்கள். 16-க்கும் இப்போது 17 என்று இருப்பதற்கும் நடுவே ஒன்று இருந்தது. அங்கே ஒரு கேள்வி இருந்ததென்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் பின்னிணைப்பிலிருந்தும் அதை எடுத்துவிட்டு வரிசை எண்களைச் சரிசெய்தவள் நான்தான்.

"யுபிஐ வழியாகப் பணம் வாங்குவது எனக்குச் சிரமத்தைத் தருகிறது." அந்த வாக்கியம் இவ்வளவுதான். வைவா முடிந்து, பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் முனைவர் போட்டு, எல்லாம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வரி மட்டும் தொண்டையில் சிக்கின மீன் முள் மாதிரி இன்னும் இருக்கிறது.

உறையூரில் ஒரு மாலை

2022 ஆடி மாதம். திருச்சியில் சிறு வியாபாரிகள் யுபிஐயை ஏற்றுக்கொள்வதைத் தீர்மானிக்கும் காரணிகள் என்பது என் தலைப்பு. 384 பேரிடம் தகவல் சேகரிக்க வேண்டும். ஏன் 384 என்று நம் ஊரில் வணிகவியலோ மேலாண்மையோ ஆராய்ச்சி செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-ல் போட்ட அட்டவணை, அதன் கடைசி வரியில் இருக்கிற எண் அது. மக்கள்தொகை பத்து லட்சம் என்றாலும் 384 பேர் போதும் என்று அந்த அட்டவணை சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும், அந்த 384 பேரையும் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நான் யாரையும் குலுக்கி எடுக்கவில்லை. கல்லூரி விட்டு பஸ்ஸில் வரும் வழியில் யார் கடையில் கூட்டம் குறைவாக இருந்ததோ அவர்களிடம் போய் நின்றேன். ஆய்வேட்டில் அதற்கு 'வசதி மாதிரி' என்று பெயர். அதற்கும் 384-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினேன், யாரும் கேட்கவில்லை.

உறையூரில் ஒரு தெருமுனையில் கீரை விற்கிற அக்கா ஒருவர். சாக்கை விரித்து, அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, பொன்னாங்கண்ணி என்று அடுக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கட்டுப் பிரிந்துபோன கீரைகளை மடியில் போட்டு வாழைநாரால் திரும்பக் கட்டிக்கொண்டே பேசினார். தண்ணீர் தெளிக்கும்போது நனைந்துவிடக் கூடாதென்று, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியை ஒரு பால் பாக்கெட் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். கியூஆர் அட்டை ஒரு செங்கல் மேல் சாய்ந்து நின்றது. நான் கிளிப்போர்டைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"யுபிஐயைப் பயன்படுத்துவது என் தொழிலின் செயல்திறனை மேம்படுத்துகிறது. அக்கா, இதை ஒத்துக்கிறீங்களா, ரொம்ப ஒத்துக்கிறீங்களா, இல்லையா?"

"நல்லதுதான், போட்டுக்க பாப்பா."

4 போட்டேன். அடுத்து, உற்பத்தித்திறனை அதிகரிக்கிறது. 4. அடுத்து, விளைவுத்திறனை உயர்த்துகிறது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செயல்திறன், உற்பத்தித்திறன், விளைவுத்திறன் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் கீரை வியாபாரத்தை வைத்து என்னாலும் விளக்கியிருக்க முடியாது. ஏழாவது கேள்விக்கு அப்புறம், "எல்லாத்துக்கும் அதையே போட்டுக்க, உனக்கும் நேரமாவுதுல்ல" என்றார், என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நடுவில் இரண்டு பேர் வந்து கீரை வாங்கினார்கள், பெட்டி இருபது ரூபாய் வந்ததைச் சொன்னது. நான் தொடர்ந்து வாசித்துக்கொண்டே 4, 4, 4 என்று சுழித்துக்கொண்டு போனேன்.

பதினேழாவது வாக்கியத்தை வாசித்தேன். சிரமத்தைத் தருகிறது.

நார் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அன்றைக்கு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "இதுக்கு அஞ்சு போடு" என்றார்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். அந்த கியூஆர் அவர் மகனுடைய கணக்கு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். காலையிலிருந்து விழுகிற பணமெல்லாம் திருப்பூருக்குப் போகிறது. விடியற்காலை காந்தி மார்க்கெட்டில் சரக்கு எடுக்க ரொக்கம் வேண்டும், சாயந்திரம் ஆறு மணிக்குத் தண்டல்காரர் வருவார், அவருக்கும் ரொக்கம் வேண்டும். நூறு நாள் தண்டல்: பத்தாயிரம் என்று பெயர், கையில் ஒன்பதாயிரம் தருவார்கள், நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதனால் மகன் இவர் பணத்தைப் பக்கத்து மளிகைக் கடைத் தம்பியின் நம்பருக்கு அனுப்புவான், அந்தத் தம்பி ரொக்கமாக எடுத்துக் கொடுப்பார். தம்பி கடையில் இல்லை என்றாலோ, மகன் ஷிஃப்ட்டில் இருந்து போனை எடுக்கவில்லை என்றாலோ, கணக்கில் அறுநூறு இருந்தும் கையில் எண்பது ரூபாயோடு தண்டல்காரர் முன்னால் நிற்க வேண்டும். "விட்டுட்டா தெனம் தொங்கும் பாப்பா, அவன் பேசுற பேச்சு இருக்கே." சரி, அப்படியானால் அட்டையை எடுத்துவிடலாமே என்றேன். "எடுத்துட்டா காசு எங்க வரும்? சில்லறை யாருகிட்ட இருக்கு இப்ப? எதுக்க அவ வெச்சிருக்கா, அங்க போயிருவாங்க."

ஏறக்குறைய கால் மணி நேரம் பேசினார். நான் அந்தக் கட்டத்தில் 5-ஐச் சுழித்தேன். ஓரத்தில் பென்சிலால் 'தண்டல், மகன் கணக்கு' என்று மட்டும் எழுதினேன். அப்புறம் பதினெட்டாவது வாக்கியத்தை வாசித்தேன். அவர் மறுபடியும் குனிந்து நாரை எடுத்துக்கொண்டார். "அதையே போட்டுக்க."

ஆல்ஃபா

தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் பெரும்பாலும் வந்து சேருகிற இடம் டாம் என்கிற தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஃப்ரெட் டேவிஸ் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கி, 1989-ல் தகவல் முறைமைத் துறையின் முதன்மையான இதழில் வெளியிட்டது. இரண்டே கேள்வி: இது எனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேனா, இதைப் பயன்படுத்துவது எளிது என்று நினைக்கிறேனா. இந்த இரண்டும்தான் ஒருவரை ஏற்க வைக்கின்றன என்பது அதன் சாரம். அந்த 1989 கட்டுரையில் இருப்பவர்கள் 152 பேர். அவர்களில் 112 பேர் டொரன்டோவில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்து ஊழியர்கள், மீதி 40 பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலை நேர எம்பிஏ படித்தவர்கள். மின்னஞ்சலையும் ஒரு கோப்புத் திருத்தியையும் வரைபடம் போடுகிற மென்பொருள்களையும் பற்றி அவர்களிடம் கேட்டிருக்கிறார். என் தொழிலின் செயல்திறன் என்ற சொற்கள் அந்த ஆய்வகத்தில் கணினி முன்னால் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவருக்குப் பொருந்தும். வேலை அவருடையது, கணினியை நிறுவனம் கொடுத்திருக்கிறது, அதில் வருகிற கடிதம் அவருக்கே வருகிறது. டேவிஸ் செய்த வேலையை நான் குறை சொல்லவில்லை, அளவுகோலை அவர் எவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார் என்று படித்தால் மரியாதைதான் வருகிறது. அந்த வாக்கியங்களைத் தமிழாக்கி, கியூஆர் ஒருவர் பேரிலும் வியாபாரம் இன்னொருவர் கையிலும் கடன் மூன்றாமவரிடமும் இருக்கிற தெருமுனைக்குக் கொண்டுபோனது நாங்கள்.

ஐப்பசி வாக்கில் 384-ம் சேர்ந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினேன். முதல் வேலை நம்பகத்தன்மை பார்ப்பது, க்ரோன்பாக் ஆல்ஃபா. லீ க்ரோன்பாக் 1951-ல் கொடுத்த அளவு அது. ஒரே விஷயத்தை ஐந்தாறு விதமாகக் கேட்கும்போது பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும். 0.7-க்கு மேல் இருந்தால் தேறிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 'பயன்' என்ற தொகுதி நன்றாக வந்தது. 'எளிது' என்ற தொகுதி 0.7-க்குக் கீழே நின்றுவிட்டது. அதற்குக் கீழேயே எஸ்பிஎஸ்எஸ் ஓர் அட்டவணை தரும், எந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவாக மாறும் என்று. மற்ற எல்லா வரியிலும் பெரிய மாற்றமில்லை. 17-வது வரியில் மட்டும் எண் 0.8-ஐத் தாண்டியது.

நெறியாளருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு தவிப்பவர், எனக்கு அவர் செய்த உதவிகள் நிறைய. "அது எதிர்மறை ஐட்டம்தானேம்மா, நம்ம ஊர்ல அது எப்பவுமே ஒத்துவராது, தூக்கிடு, ஒரு வரியில எழுதிடு" என்றார். அப்போது எங்கள் பேட்ச்சுக்கு ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்ற யுஜிசியின் 2016 விதி பொருந்தியது (2022-ல் வந்த விதியில் அந்தக் கட்டாயம் போய்விட்டது). கட்டுரைக்கு ஆல்ஃபா வேண்டும். நான் அந்தக் கேள்வியின் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டிலீட்டை அழுத்தினேன். ஆல்ஃபா உயர்ந்தது. 'நம்பகத்தன்மையைக் குறைத்ததால் ஓர் உருப்படி நீக்கப்பட்டது' என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினேன்.

படுத்த பிறகுதான் அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. எழுந்து, அட்டைப் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்தேன். அவருடைய தாளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, பென்சில் குறிப்பு இருந்ததால் கிடைத்தது. மேலிருந்து கீழே வரை 4, நடுவில் ஒரே ஒரு 5. அப்புறம் மற்ற தாள்களையும் புரட்டினேன். ஒரே எண்ணை மேலிருந்து கீழ்வரை இழுத்தவை கட்டுக் கட்டாக இருந்தன. எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். சிலர் முழுக்க 4, சிலர் முழுக்க 3, சிலர் முழுக்க 5.

கணக்கு தெரிந்தவர்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் 3-ம் இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 5-ம் போட்டால், கேள்விகள் எல்லாம் ஒன்றோடொன்று அச்சு மாறாமல் சேர்ந்து ஏறி இறங்குகின்றன. ஆல்ஃபா அதைத்தான் ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ளும். கேள்வியைக் காதில் வாங்காமல் பதில் சொன்னவர்கள் கூடக் கூட, அளவு 'நம்பகமாக' ஆகிக்கொண்டே போகும். காதில் வாங்கினார்களா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காகவே எதிர்மறை வாக்கியம் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லிப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பகுப்பாய்வில் அதன் எண்களைத் திருப்பிப் போட வேண்டும், 5 என்பது 1 ஆகும். கேட்காமல் 4 போட்டவரின் பதில் இப்போது 2 ஆகி மற்ற 4-களோடு முரண்படும், ஆல்ஃபா இறங்கும். ஆல்ஃபா இறங்கியதே அந்தக் கேள்வி தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான், இந்தப் பட்டியலில் பாதி பேர் உன்னோடு பேசவில்லை என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, பேசாதவர்களின் எண்களை வைத்து, எந்தக் காரணி எவ்வளவு தீர்மானிக்கிறது என்று பார்க்கும் ரிக்ரெஷன் ஓட்டினேன். கீரைக்கார அக்கா அன்றைக்குச் சொன்ன ஒரே பதில் அதோடு போனது. அவர் சொல்லாத 28 பதில்கள் என் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கின்றன.

நான் மட்டும் இல்லை என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. உண்மைதான், எதிர்மறை வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது குழப்பம் வருவதும் உண்டு, அதற்காக நீக்குவது நியாயமாக இருக்கிற இடங்களும் உண்டு. ஆனால் நான் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துவிட்டு நீக்கவில்லை. எனக்குத் தேவையான எண் வருகிறதா என்று பார்த்து நீக்கினேன். இரண்டும் ஒன்றல்ல.

வடகரையும் அதற்கு அப்புறமும்

இந்த அவஸ்தையில் இருந்தபோது திரும்பத் திரும்பப் படித்த ஆய்வு ராபர்ட் ஜென்சன் கேரளக் கடற்கரையில் செய்தது, 2007-ல் வெளியானது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்கள், மத்தி பிடிக்கிற 300 படகுகள், 15 கடற்கரைச் சந்தைகள், 1996 முதல் 2001 வரை, வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை. நடுவில் 1997-லிருந்து ஒவ்வொரு பகுதியாக செல்போன் கோபுரம் வருகிறது. அந்தக் கட்டுரையில் என்னை உட்கார வைத்தது ஒரு காலைப் பொழுது. 1997 ஜனவரி 14, வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டிவிடும் நிலையில் நிற்கிறார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருக்கிற வேறு சந்தைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பத் தயாராகிறார்கள். போன் வந்த பிறகு சந்தைக்குச் சந்தை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணானது அடியோடு நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

ஜென்சன் யாரிடமும் போன் உங்கள் செயல்திறனை மேம்படுத்துகிறதா என்று கேட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை. என்ன விலைக்குப் போனது, எவ்வளவு கொட்டினீர்கள், எங்கே கரை ஒதுங்கினீர்கள், இதைத்தான் ஐந்து வருஷம் பொறுமையாக எழுதியிருக்கிறார். முதலில் படித்தபோது, விடை கிடைத்துவிட்டது, மனசைக் கேட்காமல் நடந்ததை எண்ண வேண்டும் என்று தோன்றியது. கீரைக்கார அக்காவின் கையில் தினமும் ஆறு மணிக்கு எவ்வளவு ரொக்கம் இருந்தது என்று ஒரு மாதம் எழுதியிருந்தால் என் 29 கேள்வியையும் விட அது அதிகம் சொல்லியிருக்கும். இன்றைக்கும் இந்தக் கருத்தில் மாற்றமில்லை.

ஆனால் எண்ணுவதோடும் முடியவில்லை. ஜென்சனுக்குப் பிறகு ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் கேரள மீனவர்களிடம் மறுபடி போய்ப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். மீன்பிடி முறைக்கு முறை விற்கிற விதமே மாறுவதையும், விலை தெரிந்துகொள்வதைத் தவிர வேறு பலவற்றுக்கும் போன் பயன்படுவதையும், ஏலம் விடுபவரோடு இருக்கிற கடனும் உறவும் யாரிடம் மீனைக் கொண்டுபோவது என்பதில் புகுந்துவிடுவதையும் அதில் படித்தபோது உறையூர்த் தெருமுனைதான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்துச் சந்தையில் விலை கூட என்று போனில் தெரிந்தாலும், முன்பணம் கொடுத்தவர் இந்தக் கரையில் இருந்தால் படகு இந்தக் கரைக்குத்தான் வரும். யுபிஐயில் பணம் வரும் என்று தெரிந்தாலும், தண்டல்காரர் ரொக்கம் கேட்டால் ரொக்கம்தான். கடல்புறத்தில் ஏலக்காரர், எங்கள் தெருவில் தண்டல்காரர். டாமில் இந்த ஆளுக்கு ஒரு கட்டம் கிடையாது. ஐசக் பென்பசாத்தும் ஹென்றி பார்க்கியும் 2007-லேயே டாமைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள்: 'பயன்' என்பதைத் திறந்தே பார்க்காத ஒரு கருப்புப் பெட்டியாக வைத்துக்கொண்டு அதையே சுற்றி வருகிறோம், துறையின் கவனமே திசை மாறிவிட்டது என்று. அந்தக் கட்டுரையை நான் என் இரண்டாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். தண்டலைப் பற்றி என் ஆய்வேட்டில் எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

இருவேல்பட்டு

வினாப்பட்டியலே கூடாது என்று சொல்லவரவில்லை. நம் மாநிலத்தின் பொருளாதார ஆராய்ச்சியே ஒரு வினாப்பட்டியலில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்விகளைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, சிவகாசி பக்கம் வடமலாபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சைப் பகுதியில் பாலக்குறிச்சி, செய்யாறு பக்கம் தூசி என்று போன மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்தது 1918-ல் நூலானது. அதோடு விட்டுவிடவும் இல்லை. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் அவருடைய சகாக்களும் போனார்கள், இருவேல்பட்டுக்கு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரு கிராமம், தொண்ணூற்றிரண்டு வருஷம். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது, யார் யாருக்கு முன்னால் இப்போது நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று அந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் திரும்பத் திரும்பப் போனதால் தெரிந்தது.

ஸ்லேட்டரின் மாணவர்களுக்கு எஸ்பிஎஸ்எஸ் இல்லை, ஆல்ஃபா இல்லை, ஆனால் அந்த ஊர் அவர்களுக்குத் தெரியும். அது ஒரு பலம், அதில் ஆபத்தும் உண்டு, தன் ஊரைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து மட்டும் பார்த்துவிடலாம். ஆனாலும் 5 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிற அவசரம் அவர்களுக்கு இருந்திருக்காது என்று நம்புகிறேன். நான் உறையூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தண்டல் என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, என் அம்மா கட்டியிருக்கிறார். அப்படியும் அந்தக் கால் மணி நேரப் பேச்சை ஆராய்ச்சிக்கு வெளியே இருக்கிற விஷயமாக நினைத்து பென்சிலில் இரண்டு வார்த்தை எழுதினேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஆராய்ச்சியில் 'சுழித்தது' மட்டும்தான் தகவல், 'சொன்னது' தகவல் இல்லை. இதைத்தான் இத்தனை நாளாக ஜீரணிக்க முடியவில்லை.

மறுபடி அந்தத் தெருமுனை

மாணவியை மறுநாள் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். "அப்ப என் டாபிக்க மாத்தணுமா மேம்?" என்றாள். மாற்ற வேண்டாம், 384 வேண்டாம், பதினைந்து பேர் போதும், ஆனால் ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை போக வேண்டும், ஒரு தடவை விடியற்காலை, ஒரு தடவை மத்தியானம், ஒரு தடவை சாயந்திரம், கட்டம் போட்ட தாள் வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள் என்றேன். துறையில் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எம்.காம். ப்ராஜெக்ட்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம், அதற்கு மேலே போகும்போது சண்டை போட வேண்டியிருக்கும், அதை ஒளிக்காமல் சொன்னேன்.

போன வியாழக்கிழமை சாயந்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு உறையூருக்குப் போனேன். அக்கா அதே இடத்தில்தான் இருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. "எத்தனையோ பேரு வந்து எழுதிட்டுப் போறாங்க" என்றார். கியூஆர் அட்டை புதிது, இப்போது அவருடைய கணக்கே, குழுவில் சேர்ந்தபோது ஆரம்பித்ததாம். போனும் அவரிடமே இருந்தது. மாணவி சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேள்வி ஒன்றும் கேட்காமல் முதல் அரை மணி நேரம் அவருக்கு நார் கிழித்துக் கொடுத்தாள், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆறேகாலுக்குத் தண்டல்காரர் வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கியூஆர் ஒட்டின ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, மடித்து வைத்திருந்த இன்னொரு அட்டையை நீட்டினார். அவர் அதில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"ஏன்கா, அதுல அனுப்பியிருக்கலாம்ல?" என்று மாணவி கேட்டாள்.

"அனுப்பலாம். அனுப்புனா நின்னு கையெழுத்துப் போட மாட்டான், அப்புறம் பாக்கி இருக்கும்பான். எனக்கு இதுல கையெழுத்து வேணும்."

அந்த அட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினாள். பத்துக்குப் பத்து, நூறு கட்டம், ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்து இருக்கிற கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள். அறுபத்துமூன்று. அக்காவும் கூடவே உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். "சரியா இருக்கா?" என்றார்.